முனியறைகள் சரிவதற்குள்: மறையூர், காந்தல்லூர் பஞ்சாயத்துகளுக்கு ஒரு திறந்த மடல்

மறையூர், காந்தல்லூர் கிராமப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், இடுக்கி மாவட்டத்தில் சுற்றுலாப் பொறுப்பைக் கையில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மலையாளத்தில் இந்த மடலின் படி ஒன்று தனியாக உங்கள் அலுவலகங்களுக்கு வந்து சேரும். ஆனாலும் முதலில் தமிழில்தான் எழுதுகிறேன். மறையூரும் காந்தல்லூரும் சேர்ந்த அஞ்சுநாட்டு வீடுகளில் பேசுவது தமிழ். சனி, ஞாயிறுகளில் உடுமலைப்பேட்டை வழியாக மலையேறி வரும் வண்டிகளில் இருப்பவர்களும் பெரும்பாலும் தமிழ் படிப்பவர்கள். நான் கேட்கப்போகும் காரியம் உங்கள் கையெழுத்தோடு முடிந்துவிடாது. ஊர்க்காரர்களும் வருகிறவர்களும் சேர்ந்தால்தான் அது நடக்கும்.

நான் மறையூர்க்காரன். தமிழ்வழிப் பள்ளிகளில் ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அப்பா கரும்பு விவசாயி. சின்ன வயதில் ஆடு மேய்க்கப் போகும் சாக்கில் நாங்கள் விளையாடிய இடம் முனியறைப் பாறை. அப்பத்தா ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்புவார்: "உள்ளாற மட்டும் போயிறாதீங்கடா, முனி தூங்குது." நாங்கள் போகமாட்டோம். வெளியே நின்று குனிந்து பார்ப்போம். நாலு பக்கமும் கல் பலகை, மேலே ஒரு பெரிய மூடுகல், உள்ளே கொஞ்சம் இருட்டு, கொஞ்சம் சருகு. உச்சி வெயிலில்கூட அந்த இருட்டிலிருந்து குளுமை வந்து முகத்தில் படும். அதைத்தான் நாங்கள் முனியின் மூச்சு என்று நம்பினோம்.

போன தைப் பொங்கல் விடுமுறையில் அதே பாறைக்குப் போயிருந்தேன். ஒரு முனியறையின் மூடுகல்மேல் நாலு பையன்கள் ஏறி நின்றிருந்தார்கள். ஒருவன் கீழே நின்று செல்போனில் படம் பிடிக்க, மேலே நின்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக் குதித்தார்கள். குதிக்கும்போது கல்லோடு கல் உரசும் சத்தம் கேட்டது. இட்லி மாவுக் கல்லை நகர்த்தினால் வருமே, அப்படி ஒரு சத்தம். நான் மூச்சு வாங்க அருகே போய், "தம்பி, இது செத்தவங்களுக்காகக் கட்டுன இடம்ப்பா. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றேன். நாலு பேரும் உடனே இறங்கிவிட்டார்கள். ஒருவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். "எங்களுக்குத் தெரியாதுங்கய்யா. ஜீப்புக்காரர் பாறை நல்லா இருக்கும்னுதான் சொன்னாரு" என்றான் இன்னொருவன்.

அடுத்த வாரம் போனபோது அந்த மூடுகல் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பக்கவாட்டுப் பலகை இரண்டாக உடைந்து கிடந்தது. அந்தப் பையன்களால்தான் உடைந்தது என்று என்னால் சொல்ல முடியாது. அவர்களுக்குப் பிறகு இன்னும் எத்தனை பேர் ஏறினார்களோ. எனக்கு அவர்கள்மேல் கோபமும் இல்லை. ஒரு வாக்கியம் சொன்னதும் இறங்கிவிட்ட பிள்ளைகள் அவர்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. இந்த மடலில் நான் கேட்பது அந்த ஆளைத்தான்.

வெளியூர் அதிகாரிகளுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். முனியறை என்று நாம் சொல்வதைத் தொல்லியலார் கல்திட்டை என்பார்கள். பெருங்கற்கால மக்கள், இரும்பைப் புழங்கத் தொடங்கிய காலத்தவர்கள், தங்களில் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. முனிவர்கள் உள்ளே தவம் இருந்தார்கள் என்பது ஊர் வழக்கு. பாண்டவர்கள் வனவாசத்தில் மறைந்திருந்த ஊர் என்பதால் மறையூர் ஆயிற்று என்றும் சொல்வார்கள். நான் வகுப்பில் இரண்டையும் சொல்வேன்; தொல்லியல் சொல்வதையும் சேர்த்துச் சொல்வேன். பிள்ளைகளுக்கு மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளத் தெரியும், நாம்தான் குழப்பிக்கொள்கிறோம்.

கட்டிய விதத்தைக் கவனித்துப் பாருங்கள். சுண்ணாம்பு இல்லை, மண் பூச்சு இல்லை. தட்டை தட்டையாகப் பெயரும் பாறையிலிருந்து பலகை எடுத்து, வெறும் பாறைமேலேயே நிறுத்தியிருக்கிறார்கள். அஸ்திவாரம் தோண்ட மண்ணே கிடையாது. ஒரு பலகை இன்னொன்றில் சாய்கிறது; மேலே உள்ள மூடுகல்லின் பாரம் நாலையும் அழுத்திப் பிடிக்கிறது. பாரமும் சாய்மானமும் தவிர வேறு பிடிமானம் இல்லை. அதனால்தான் காற்றுக்கும் மழைக்கும் இத்தனை காலம் அசையாமல் நின்றது, மேலே ஏறிக் குதித்தால் ஒரே நாளில் விழுகிறது. மூடுகல் ஒரு சாண் நகர்ந்தால் பக்கத்துப் பலகைக்கு அழுத்தம் போய்விடும். அது சாய்ந்தால் மற்றது தானாகச் சாயும். விழுந்ததைத் தூக்கி நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்தக் கல் எந்தக் கோணத்தில் நின்றது என்று யாரும் எழுதி வைக்கவில்லையே.

இது நம் ஒரு பாறையோடு முடிகிற சங்கதியும் இல்லை. கோவில்கடவில் பாம்பாற்றங்கரையில் தென்காசிநாதர் கோவிலுக்குப் போகிறவர்கள் தலை நிமிர்ந்து பார்த்தால் மேட்டில் முனியறைகள் தெரியும். சந்தனக் காட்டுக்குள் எழுத்துக் குகை இருக்கிறது. பாறையில் மான் உருவங்கள் தீட்டியிருக்கிறார்கள். ஆட்டளையிலும் பாறை ஓவியங்கள் உண்டு. எழுத்து இல்லாத காலத்து மனிதர்கள் இந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றிலும் தங்கள் கைத்தடத்தை விட்டுப் போயிருக்கிறார்கள்.

ஏன் இங்கே? என் மாணவர்கள் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த பதில் வெயில்தான். ஆடி மாதம் மூணாறில் குடையை மடக்காமல் பஸ் ஏறியவர்களுக்கு இது புரியும். வாகுவரை, தலையாறு எஸ்டேட்டுகளைத் தாண்டுகிறவரை டிரைவர் வைப்பரை நிறுத்தமாட்டார். இறக்கத்தில் ஒரு வளைவு திரும்பியதும் மழை பின்னால் நின்றுவிடும். முன்னால் மறையூர் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். 2,695 மீட்டர் ஆனைமுடியும் அதோடு தோள் சேர்ந்த மலைகளும் தென்மேற்குக் காற்றின் ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கத்திலேயே பிழிந்து வைத்துக்கொள்கின்றன. நமக்கு மிஞ்சுவது காய்ந்த காற்று. சின்னார் காட்டில் ஆண்டுக்கு ஐம்பது நாள்கூட மழை கிடையாது. நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைதான். புவியியல் பாடத்தில் மழை மறைவுப் பகுதி என்று வரும்போது, "சார், அதனாலதான் மறையூரா?" என்று ஒரு பெண் கேட்டாள். பெயருக்குக் காரணம் அது இல்லை என்று சொன்னேன், ஆனால் ஊருக்குக் காரணம் அதுதான் என்றும் சொன்னேன்.

அந்த வெயிலால்தான் இங்கே சந்தனம் காடாக நிற்கிறது. சாலையோரம் கம்பிவேலிக்குள் நிற்கும் மரங்களைப் பார்த்துப் பயணிகள் வண்டியை நிறுத்தி, மூச்சை இழுத்துப் பார்த்து, "வாசமே வரலியே" என்று ஏமாந்து போகிறார்கள். வாசம் மரத்தின் உள்ளே நடுக்கட்டையில், அதாவது வைரத்தில், இருக்கிறது, பட்டையிலும் இலையிலும் கிடையாது என்றும், பக்கத்துச் செடிகளின் வேரில் தன் வேரைப் பொருத்தி உணவு உறிஞ்சித்தான் சந்தனம் வளர்கிறது என்றும் சொல்ல ஓர் ஆள் இருந்தால் அவர்கள் ஏமாந்திருக்கமாட்டார்கள்.

கரும்பும் அப்படித்தான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல என்னை அனுமதியுங்கள், நான் வளர்ந்தது ஆலைக் கொட்டகையில். கரும்பு அரைத்த சக்கையை வெயிலில் காயப்போட்டு, அதையே அடுப்புக்கு எரிப்பார்கள். வெளியிலிருந்து விறகு வேண்டாம். பெரிய கொப்பரையில் சாறு கொதிக்கும்போது மேலே அழுக்கு நுரை கட்டும். கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து, நீளக் கம்பு கட்டிய சல்லடைக் கரண்டியால் அதை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சாறு குறுகிப் பாகாகும்போது சத்தம் மாறும். முதலில் தளதளவென்று கொதித்தது, பிறகு பொத்பொத்தென்று கனமாக வெடிக்கும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்பார். பிறகு ஒரு சொட்டைப் பச்சைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவார். உருண்டால், "இறக்கு" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக நாலு பேர் கொப்பரையின் காதைப் பிடித்தபடி தயாராக நிற்பார்கள். தாமதித்தால் கசக்கும். மரத்தொட்டியில் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்ததும் உருண்டை பிடிக்க வேண்டும். கை பொறுக்கும் சூடு என்று எழுதுகிறேன். அம்மாவின் உள்ளங்கையில் அந்தச் சூட்டுக்கு ரேகையே தேய்ந்துபோயிருந்தது.

அந்த உருண்டைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இன்றைக்கு மூணாறு சாலையிலும் கடைவீதியிலும் மறையூர் சர்க்கரை என்ற பெயரில் வேறெங்கோ காய்ச்சின வெல்லம் விற்கிறது. அடிமாட்டு விலைக்கு வரும் அதோடு போட்டிபோட முடியாமல், கரும்பை வெட்டிவிட்டு வேறு பயிருக்கு மாறியவர்களை எனக்குத் தெரியும். பயணிகளுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? கொட்டகைக்குக் கூட்டிப்போய், கொப்பரைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, சூடான பாகை ஒரு இலைத்துண்டில் வைத்துக் கொடுத்தால் தெரியும். அன்றைக்கு வாங்குகிற இரண்டு கிலோவை அவர்கள் வாழ்நாளுக்கும் மறக்கமாட்டார்கள். சில கொட்டகைக்காரர்கள் தாங்களாகவே இதைச் செய்கிறார்கள். ஆனால் கொதிக்கும் கொப்பரைக்குப் பக்கத்தில் பத்துப் பேர் குழந்தைகளோடு வந்து நிற்கும்போது வேலை நின்றுவிடுகிறது, விபத்துக்கும் பயம். இங்கேயும் வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளவும் விளக்கவும் தனியாக ஓர் ஆள் வேண்டும்.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். புதிதாக எதையும் நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. நம் வீட்டு வாசலிலேயே நடப்பதைத்தான் சொல்கிறேன்.

மறையூரிலிருந்து சின்னார் போகும் வழியில் ஆலாம்பட்டி இருக்கிறது. அங்கேயும் முனியறைகள் இருக்கின்றன, பாறை ஓவியங்கள் இருக்கின்றன. சின்னார் வனவிலங்கு சரணாலயம் 1984-லிருந்து இருப்பதால் அது காட்டுக்குள் சேர்ந்துவிட்டது. அங்கே யாரும் இஷ்டத்துக்கு நுழைய முடியாது. கட்டணம் கட்டி, அங்கே உள்ள பழங்குடிக் குடியிருப்பிலிருந்து ஒருவர் துணைக்கு வர, நடந்துதான் போக வேண்டும். பிள்ளைகளை நான் இரண்டு தடவை கூட்டிப்போயிருக்கிறேன். துணைக்கு வந்தவர் முதுவர் பழங்குடியைச் சேர்ந்தவர். வழியில் யானை லத்தியைப் பார்த்ததும் கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். குனிந்து புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "விடிகாலையில போயிருக்கு, பயமில்ல" என்றார். சளசளவென்று பேசிக்கொண்டு வந்த முப்பது பிள்ளைகள் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. முனியறைக்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே அவர் செருப்பைக் கழற்றினார். கழற்றுங்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் கழற்றினோம்.

அங்கே உள்ள முனியறைகளில் சாக்பீஸால்கூடப் பெயர் எழுதியிருப்பதை நான் பார்க்கவில்லை. நம் பாறையில் சிவப்புப் பெயிண்டில் காதலர் பெயர்கள் இருக்கின்றன. உடைந்த பீர் பாட்டில்கள் இருக்கின்றன. இரண்டு இடத்திலும் ஒரே காலத்துக் கல், ஒரே மாதிரி மனிதர்கள் எழுப்பியது. ஓரிடத்தில் கூட ஓர் ஆள் நடக்கிறார், இன்னோரிடத்தில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் மாவட்டத்திலேயே இன்னும் பெரிய உதாரணம் தேக்கடி. பெரியாறு காப்பகத்தில் ஒரு காலத்தில் மரப்பட்டை உரித்துத் திருட்டுத்தனமாக விற்றுப் பிழைத்தவர்களே காட்டின் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினார்கள். பயணிகளை அவர்கள் கூட்டிப்போகிறார்கள், இரவில் காட்டை ரோந்து பார்க்கிறார்கள். வழக்கில் சிக்கி அலைந்தவர்களுக்கு மரியாதையான சம்பளம் கிடைத்தது. அது நடந்து கால் நூற்றாண்டு ஆகிறது. தேக்கடியில் முடிந்தது மறையூரில் ஏன் முடியாது?

ஆகவே, முனியறைப் பாறைக்கும் கோவில்கடவு மேட்டுக்கும் துணையாள் இல்லாமல் யாரும் ஏறக் கூடாது என்று தீர்மானம் போடுங்கள். வண்டி கீழேயே நிற்கட்டும். துணையாளாக முதுவர் குடிகளிலிருந்தும் மலைப்புலையர் குடிகளிலிருந்தும் ஊருக்குள் இருந்தும் இளைஞர்களை எடுங்கள், பெண்களையும் எடுங்கள். பயிற்சி கொடுக்க ஆள் தேட வேண்டியதில்லை. பொறுப்புச் சுற்றுலா என்று 2008-லேயே குமரகத்திலும் தேக்கடியிலும் தொடங்கியது கேரள அரசு. அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குங்கள், அதில் சம்பளம் போகட்டும். பலகைகள் வைத்தால் மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வையுங்கள். தேவிகுளம் தாலுகாவில் தமிழ்ப் பலகை வைக்க யாரிடமும் புதிதாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் பலகை ஆளுக்கு ஈடாகாது. இன்றும் ஒரு மூலையில் துருப்பிடித்த பலகை ஒன்று இருக்கிறது. அதில்தான் சட்டையைக் கழற்றித் தொங்கவிட்டுக்கொண்டு படம் எடுக்கிறார்கள்.

அதற்கு முன்னால் எல்லா முனியறைகளையும் எண்ணி, எண் கொடுத்து, படமெடுத்து, தொல்லியல் துறையின் உதவியோடு ஒரு பதிவேடு எழுத வேண்டும். எது எப்படி நின்றது என்று தெரிந்தால்தான் நாளைக்கு ஒன்று சரிந்தால் திருப்பி நிறுத்த முடியும். எத்தனை இருக்கின்றன என்றே சரியாகத் தெரியாத சொத்துக்கு எப்படிக் காவல் போடுவது?

ஜீப் ஓட்டும் தம்பிகள் இதைப் படித்துவிட்டு என்மேல் வருத்தப்படுவார்கள் என்று தெரியும். அவர்களில் பலர் என்னிடம் படித்தவர்கள். தம்பிகளே, உங்கள் பிழைப்பில் மண் போட நான் எழுதவில்லை. பாறை அடிவாரம்வரை வண்டி வரட்டும். மேலே ஏற்றிப்போகும் துணையாள் வேலைக்கு முதலில் உங்களையே எடுக்கச் சொல்லி நான் கேட்பேன். அடிவாரத்தில் இறக்கிவிட்டு நீங்களே கூட நடந்து, கதை சொல்லிக் கூட்டிவந்தால் உங்களுக்கு இரண்டு வருமானம். இன்றைக்கு மூன்று மணி நேரத்தில் எட்டு இடம் என்று ஓடுகிறீர்கள். நின்று சொல்ல உங்களுக்கு நேரமும் இல்லை, கேட்க வந்தவர்களுக்குப் பொறுமையும் இல்லை.

அந்த எட்டு இடத்தில் ஒன்று, எப்போதோ ஒரு சினிமா அங்கே எடுத்தார்கள் என்பதற்காக அந்தச் சினிமாவின் பெயரையே வாங்கிக்கொண்ட காட்சிமுனை. அது அழகான இடம்தான், போய்ப் பார்க்கட்டும். ஆனால் அந்த மேட்டுக்கு ஆடு மேய்த்தவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்குமே. அதைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அஞ்சுநாடு என்ற பெயரே பல பயணிகளுக்குத் தெரியாது. மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தல்லூர், கொட்டகுடி என்று ஐந்து ஊர். மதுரைச் சீமையிலிருந்து சண்டைக்குத் தப்பி வந்தவர்கள் காட்டைத் திருத்தி, பாலைத் தொட்டுச் சத்தியம் செய்து, ஒரே கட்டுப்பாட்டில் வாழ முடிவு செய்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நெருக்கி நெருக்கிக் கட்டிய வீடுகள், நடுவே மந்தை, சாவடி. ஒரு சந்துக்குள் நுழைந்தால் யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முழு ஊருக்கும் தெரியும். இந்தப் பெருமையைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தச் சத்தியத்தில் மலைப்புலையருக்கு இடம் இருக்கவில்லை. அவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கழனிகளில் அடிமைபோல உழைத்தார்கள். துணையாள் வேலையில் அவர்கள் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்று நான் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஊர்க்கதையை அவர்கள் வாயால் கேட்டால் வேறு மாதிரி இருக்கும், அதையும் வந்தவர்கள் கேட்கட்டும்.

காந்தல்லூர் பஞ்சாயத்துக்குத் தனியாக ஒரு சொல். 2023-ல் மத்தியச் சுற்றுலா அமைச்சகம் நடத்திய சிறந்த சுற்றுலாக் கிராமப் போட்டியில் தங்கப் பரிசு வாங்கினீர்கள். நான் கண்ணீர் விட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. அந்தப் பரிசு கிடைத்தது ஆப்பிளுக்கும் பிளம்ஸுக்கும் பூண்டுக்கும் தோட்டத்துக்குள் தங்க வைக்கும் வீடுகளுக்கும்தான். உங்கள் பூண்டுக்கும் வட்டவடைப் பூண்டுக்கும் சேர்த்துப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. உள்ளதை வைத்தே ஜெயித்த ஊர் நீங்கள். இப்போது அங்கேயும் இங்கேயும் சிமென்ட் உருவங்கள், செயற்கை நீர்வீழ்ச்சி, கம்பியில் தொங்கிப்போகும் சவாரி என்று பேச்சு கேட்கிறது. வாகமண்ணில் 2023-ல் கண்ணாடிப் பாலம் திறந்ததும் எல்லா ஊருக்கும் ஒரு கண்ணாடிப் பாலம் வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. கண்ணாடிப் பாலம் இன்னும் பத்து ஊரில் வரும். வெட்டவெளிப் பாறையில் இத்தனை முனியறைகள் சேர்ந்து நிற்பதைப் பார்ப்பது எல்லா ஊரிலும் கிடைக்காது.

எனக்கு இந்த அவசரம் வந்ததற்குக் காரணம் 2030. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. 2018-ல் கூட்டம் வரத் தொடங்கிய நேரத்தில் ஆகஸ்ட் வெள்ளம் வந்தது. பெரியவரைப் பாலம் விழுந்து மூணாறுக்கும் நமக்கும் இருந்த பாதையே அறுந்துபோனது. அதனால் அந்தக் குறிஞ்சிக்கூட்டம் நம்மை முழுசாக வந்து சேரவே இல்லை. அடுத்தது 2030. 2006-ல் கையில் கேமரா உள்ளவர்கள் கொஞ்சம் பேர். இப்போது எல்லார் கையிலும் கேமரா. குறிஞ்சி பார்க்க இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு வருபவர்கள் அங்கே வரிசையில் நின்று அலுத்து, அப்படியே இறங்கி மறையூருக்கும் வருவார்கள். இரவிகுளத்தில் உள்ளே விடும் ஆட்களுக்குக் கணக்கு உண்டு, காவல் உண்டு. நம் பாறையில் ஒன்றும் இல்லை. அந்த ஒரு பருவம் போதும், நிற்கிற முனியறைகளில் எத்தனை மிஞ்சும் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, பதிவேடு எழுதி முடிக்க இருக்கிற காலம் சரியாகத்தான் இருக்கிறது, இன்று தொடங்கினால்.

பாறை உடைந்த பிறகு நான் சும்மா இருக்கவில்லை. படங்களை இணைத்து ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். இது எங்கள் பொறுப்பில் வராது என்று வேறோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே போனால் முதல் அலுவலகத்தையே காட்டினார்கள். பெயர் சொல்லிக் குறை கூற இதை எழுதவில்லை. அந்த மேசைகளில் இருந்தவர்கள் என்னை உட்கார வைத்து, மரியாதையாகத்தான் பேசினார்கள். நிலம் யாருடையது, கல் யாருடையது, வருகிற ஆள் யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விக்கும் மூன்று இடத்தில் பதில் இருக்கிறது, அவ்வளவுதான் சிக்கல். அதனால்தான் உங்கள் எல்லோரையும் ஒரே மடலில் கூப்பிடுகிறேன். ஒரு நாள் காலையில் எல்லோரும் சேர்ந்து பாறைக்கு வாருங்கள். ஒரு மணி நேரம் போதும். வெயில் ஏறுவதற்கு முன் வந்தால் நல்லது.

வரும்போது உங்களிடம் கொடுக்க ஒரு பொருள் இருக்கிறது. நான் வேலையில் இருந்தபோது பல ஆண்டுகள் என் வகுப்புப் பிள்ளைகளைப் பாறைக்குக் கூட்டிப்போய், ஒவ்வொரு முனியறையையும் நோட்டில் வரையச் சொல்வேன். எத்தனை பலகை நிற்கிறது, எது விழுந்திருக்கிறது, வாய் எந்தத் திசை, மூடுகல் எத்தனை சாண் என்று பென்சிலால் எழுதியிருக்கிறார்கள். சிலதில் கல்லைவிட ஆடு பெரிதாக இருக்கும். ஆனால் அளவு சரியாக இருக்கும், நான் கூட நின்று பார்த்திருக்கிறேன். இப்போது உடைந்து கிடக்கிறதே, அந்த முனியறையும் அதில் இருக்கிறது. ஒரு பெண் பிள்ளை வரைந்தது, நாலு பலகையும் மூடுகல்லும் முழுசாக. பதிவேட்டுக்கு முதல் பக்கமாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஆள் போடும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் காலை எட்டு மணியிலிருந்து பதினொரு மணிவரை நான் அங்கே இருப்பேன். குடையும் தண்ணீர்ப் பாட்டிலும் கொண்டுவருகிறேன். வருகிறவர்களுக்குச் சொல்வேன். போன நாலு ஞாயிறும் சொன்னேன், யாரும் மேலே ஏறவில்லை. முழங்கால் வலி இருப்பதால் அதற்குமேல் நிற்க முடிவதில்லை. சனிக்கிழமைக்கும் மாலைக்கும் ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியன்,
மறையூர்.